'ஜெஸ்ஸி'யில் கிளைத்த 'பங்க்ட்': தொடரும் அதன் இளம் நடிகர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பங்க்ட்' என்பது என்ன தொடர்?

டிஸ்னி சேனலில் 2015 ஜூலை 31 முதல் 2024 ஆகஸ்ட் 2 வரை ஓடிய அமெரிக்கச் சிறுவர் சிட்காம் (நகைச்சுவைத் தொடர்). மொத்தம் ஏழு சீசன்கள். அந்த சேனலில் நடிகர்களை வைத்து எடுத்த தொடர்களில் மிக நீண்ட காலம் ஓடியது இதுதான். 'ஜெஸ்ஸி' (2011–2015) என்ற தொடரின் கிளைத்தொடர் இது. இரண்டையும் உருவாக்கியவர் பமேலா ஈல்ஸ் ஓ'கானல்.

பெயருக்கு என்ன பொருள்?

'பங்க்' என்றதும் நமக்கு பெட்ரோல் பங்க்கோ, தெருமுனைப் பங்க் கடையோ, வகுப்பை பங்க் அடிப்பதோதான் நினைவுக்கு வரும். இங்கே அது ரயில் பெர்த் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில். கோடை முகாம்களில் பிள்ளைகள் அதில்தான் படுப்பார்கள். நகரத்து மாடி வீட்டில் தனித்தனி அறையில் வளர்ந்த பிள்ளைகள் அடுக்குக் கட்டிலுக்கு வந்து சேர்வதுதான் கதை என்பதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

கதை 'ஜெஸ்ஸி'யிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது?

'ஜெஸ்ஸி'யில் டெக்சாஸிலிருந்து நியூயார்க் வரும் ஜெஸ்ஸி பிரெஸ்காட் (டெபி ரயான்), பணக்கார ராஸ் குடும்பத்தின் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகச் சேர்கிறாள். பிள்ளைகளில் எம்மா (பெய்டன் லிஸ்ட்) பெற்ற பிள்ளை. மற்ற மூவரும் தத்துப் பிள்ளைகள். லூக் (கேமரன் பாய்ஸ்) டெட்ராய்ட்டிலிருந்தும், ரவி (கரண் ப்ரார்) இந்தியாவிலிருந்தும், ஸூரி (ஸ்காய் ஜாக்சன்) உகாண்டாவிலிருந்தும் வந்தவர்கள்.

'பங்க்ட்' தொடங்கும்போது எம்மா, ரவி, ஸூரி மூவரும் மேய்ன் மாநிலத்தில் உள்ள கிக்கிவாக்கா முகாமுக்குப் போகிறார்கள். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் இளவயதில் சந்தித்துக்கொண்ட இடம் அது. முகாமை நடத்தும் கிளாடிஸுக்கு (மேரி ஷீர்) அந்தக் காலத்துக் காதல் பொறாமை இன்னும் ஆறவில்லை. இந்த ஒரு முடிச்சே பழைய தொடரையும் புதியதையும் இணைத்துவிடுகிறது. ஆயாவும் வீட்டின் பட்லரும் கதைக்குத் தேவைப்படாமல் போகிறார்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

'ஜெஸ்ஸி' முழுவதையும் முடித்துவிட்டு 'பங்க்ட்'டுக்கு வருவது எளிது. ஒளிபரப்பான வரிசை அப்படி இல்லை: 'பங்க்ட்' ஜூலை மாதமே தொடங்கிவிட்டது, 'ஜெஸ்ஸி'யின் கடைசிப் பகுதி அக்டோபர் 16-இல்தான் வந்தது. சில வாரங்கள் தாயும் பிள்ளையும் ஒரே சேனலில் சேர்ந்தே ஓடின. தேதிப்படி பார்க்க முயன்றால் நியூயார்க்குக்கும் மேய்னுக்கும் மாறி மாறித் தாவ வேண்டியிருக்கும். அதில் பலன் ஒன்றுமில்லை.

'ஜெஸ்ஸி'யே பார்க்காதவர்கள் 'பங்க்ட்' மூன்றாவது சீசனில் தொடங்கலாம். நாலாவதில் தொடங்கினாலும் தவறில்லை. ராஸ் பிள்ளைகளைப் பற்றித் தெரியாமலேயே புரியும். ஆறாவது சீசனிலிருந்து தலைப்போடு 'லேர்னிங் தி ரோப்ஸ்' என்ற துணைத்தலைப்பு சேர்கிறது. அதை வேறொரு புதிய தொடர் என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்கு பிள்ளைகளில் லூக் மட்டும் ஏன் இல்லை?

கேமரன் பாய்ஸ் அதே 2015-இல் டிஸ்னி எக்ஸ்டியின் 'கேமர்ஸ் கைட் டு ப்ரிட்டி மச் எவ்ரிதிங்' தொடரில் முதன்மை வேடத்துக்குப் போய்விட்டார். ஒரு நடிகரால் இரண்டு தொடர்களின் வாராந்திர ஒத்திகையிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அதனால் கதையில் லூக் முகாமுக்கு வரவில்லை என்று ஆக்கி, பிறகு விருந்தினராக மட்டும் வரவழைத்தார்கள். முதல் சீசனில் வரும் 'லூக்ஸ் பேக்' பகுதி அப்படிப்பட்டதுதான்.

'பங்க்ட்' முதல் பகுதி ஒளிபரப்பான அதே இரவில், அதற்குச் சற்று முன்பு, கேமரன் கார்லோஸாக நடித்த 'டிசெண்டன்ட்ஸ்' படமும் முதன்முறையாக ஒளிபரப்பானது. பழைய வீட்டிலிருந்து பிரிந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே இரவில் தனித்தனிப் பாதையில் திரையில் வந்தார்கள்.

கேமரன் பாய்ஸுக்கு என்ன ஆனது?

2019 ஜூலை 6 அன்று, 20 வயதில், தூக்கத்திலேயே காலமானார். வலிப்பு நோயால் நேர்ந்த திடீர் மரணம் என்று குடும்பத்தார் தெரிவித்தார்கள். அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை வலிப்பு நோய் பற்றிய விழிப்புணர்வுக்கும் ஆராய்ச்சிக்கும் உழைக்கிறது. அடுத்த மாதம் வெளியான 'டிசெண்டன்ட்ஸ் 3' அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 2020-இல் நடனப் போட்டி ஒன்றில் ஸ்காய் ஜாக்சன் ஆடிய ஒரு நடனமும் அவருக்கான அஞ்சலிதான்.

வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்தச் செய்தியால் பதறுவது இயல்பு. இத்தகைய மரணம் அரிது. கட்டுப்படாத வலிப்புதான், முக்கியமாக உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வகை, ஆபத்தைக் கூட்டுகிறது. மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் கொடுப்பதும், இரவில் வலிப்பு வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும் முதல் பாதுகாப்பு.

ரவி பாத்திரம் முதலிலிருந்தே இந்தியப் பையன்தானா?

இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட ஹாவியர் என்ற பையனாகத்தான் முதலில் எழுதப்பட்டது. தேர்வுக்கு வந்த கரண் ப்ரார் பிடித்துப்போனதால் பாத்திரத்தையே இந்தியப் பையனாக மாற்றி எழுதினார்கள். கரண் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையன். இயல்பாகப் பேசுவது அமெரிக்க ஆங்கிலம். 'டயரி ஆஃப் எ விம்பி கிட்' (2010) படத்தில் சிராக் குப்தாவாக நடித்தபோதே இந்திய உச்சரிப்புக்கெனப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ரவியின் பேச்சு நம் காதுக்கு இடறுவதற்குக் காரணம் அதுதான். கொல்கத்தாவிலிருந்து வந்த பையன் என்கிறார்கள். வங்காளியின் ஆங்கிலத்தில் இருக்கும் வட்டமான உயிரொலிகள் அதில் இல்லை. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, 'பொதுவான இந்தியன்' என்று அமெரிக்கக் காதுக்குத் தயாரித்த உச்சரிப்பு அது. பன்னிரண்டு வயதுப் பையனிடம் அதைக் கேட்டு வாங்கியது தயாரிப்பாளர்களின் குறை. நகைச்சுவைக்கான நேரக்கணிப்பில் கரண் தேர்ந்தவர் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வரியை அரை நொடி தாமதித்துப் போடுவது எப்படி என்று 'பங்க்ட்' முதல் இரு சீசன்களில் பார்க்கலாம்.

இந்தியாவில் இதைத் தழுவி எடுத்தார்களா?

'ஜெஸ்ஸி'யைத் தழுவி 'ஓய் ஜஸ்ஸி' என்ற இந்தித் தொடர் 2013-இல் டிஸ்னி சேனல் இந்தியாவில் வந்தது. ஷீனா பஜாஜ் ஜஸ்ஸியாக நடித்தார்.

சீசனுக்குச் சீசன் யார் வந்தார்கள், யார் போனார்கள்?

முதல் இரண்டு சீசன்களில் ராஸ் பிள்ளைகள் மூவர். முகாம் வழிகாட்டிகளாக லூ (மிராண்டா மே), ஸாண்டர் (கெவின் க்வின்). இளையவர்களாக டிஃபனி (நீனா லூ), ஹோர்ஹே (நேதன் அரேனாஸ்). இரண்டாவது சீசன் முகாமில் தீப்பிடிப்பதோடு முடிகிறது. கதைக்கு அது திகில் முடிவு, தயாரிப்பாளர்களுக்கு வசதியான முடிவு: யாரை விடுவிக்க வேண்டுமோ அவர்கள் திரும்பி வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது சீசன் (2018 ஜூன்) தொடங்கும்போது ஸாண்டர், டிஃபனி, ஹோர்ஹே இல்லை. ராஸ் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லி முகாமையே வாங்கவைத்து, தாங்களே நடத்துகிறார்கள். புதிதாக மூன்று சிறுவர்: அழகுப்போட்டிகளில் வளர்ந்த டெஸ்டினி (மெலரி ஜேம்ஸ் மஹோனி), எதற்கும் பயப்படும் மட்டேயோ (ராஃபயேல் அலெஹாண்ட்ரோ), எதற்கும் துணிந்த ஃபின் (வில் பூயி ஜூனியர்). அந்த சீசனோடு பெய்டன், கரண், ஸ்காய் மூவரும் விலகினார்கள்.

நம் பார்வையில் தொடரின் உயிர் இந்த மூன்றாவது சீசனில்தான் காப்பாற்றப்பட்டது. பழையவர்கள் இருக்கும்போதே புதியவர்களை ஒரு முழு சீசன் பழகவிட்டார்கள். பார்க்கும் குழந்தைக்கு டெஸ்டினி அதற்குள் தெரிந்த முகம் ஆகிவிட்டாள். நாற்றைப் பிடுங்கிய மண்ணோடு நட்டது போல. பல கிளைத்தொடர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன: பழையவர்களை ஒரே நாளில் எடுத்துவிட்டு, முழுக்கப் புதிய முகங்களை நிறுத்துவார்கள், பார்வையாளர் அதோடு போய்விடுவார்கள்.

நாலாவதில் (2019 ஜூன்) முகாம் லூவின் கைக்கு வந்தது. நோவா (இஸ்ரேல் ஜான்சன்), ஏவா (ஷெல்பி சிமன்ஸ்), க்வென் (ஸ்கார்லெட் எஸ்டெவெஸ்) சேர்ந்தார்கள். ஐந்தாவதில் (2021 ஜனவரி) பார்க்கராக ட்ரெவர் டார்ஜ்மன். ஆறாவதில் (2022 ஜூன்) லூ, பார்க்கர், டெஸ்டினி, நோவா நால்வரும் வயோமிங்கில் பாழடைந்து கிடந்த பண்ணையைச் சீர்படுத்தப் போகிறார்கள். அங்கே வின்னி, பில், ஜேக் என்று மூன்று புதியவர்கள்.

முதல் சீசனிலிருந்து ஏழாவது வரை தொடர்ந்து இருந்த ஒரே முதன்மை நடிகை மிராண்டா மே. பிற்காலத்தில் சில பகுதிகளை அவரே இயக்கவும் செய்தார். கிளைத்தொடரில் துணை வேடத்துக்கு வந்தவர் அதன் தூணாகிவிட்டார்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

'ஜெஸ்ஸி' தொடங்கியபோது பெய்டனுக்கு வயது 13, கரணுக்கும் கேமரனுக்கும் 12, ஸ்காய்க்கு 9. 'பங்க்ட்' மூன்றாவது சீசன் ஒளிபரப்பான 2018 கோடையில் பெய்டனுக்கு 20, கரணுக்கு 19, ஸ்காய்க்கு 16. பார்ப்பவர்களின் வயதோ மாறுவதில்லை. ஏழு வயதுக் குழந்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. முகாம் என்ற களம் இதற்கு நல்ல தோது. ஒரு வீட்டில் பிள்ளைகள் மாறினால் குடும்பமே கலைந்ததாக ஆகிவிடும். கோடை முகாமில் ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் வருவதுதான் வழக்கம்.

நடிக்கும் சிறுவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்?

தொடர் எடுக்கப்பட்ட கலிஃபோர்னியாவின் விதி வயதுக்கு வயது மாறும். பள்ளி நாட்களில் கணக்கு இப்படி:

6 முதல் 9 வயதுக்குள்: படப்பிடிப்புத் தளத்தில் 8 மணி, அதில் வேலை 4, படிப்பு 3, ஓய்வு 1.
9 முதல் 16 வயதுக்குள்: தளத்தில் 9 மணி, வேலை 5, படிப்பு 3, ஓய்வு 1.
16 முதல் 18 வயதுக்குள்: தளத்தில் 10 மணி, வேலை 6, படிப்பு 3, ஓய்வு 1.

சாப்பாட்டுக்கு அரை மணி இதற்கு மேல் சேரலாம். ஒரு நாள் அனுப்பியதற்கும் மறுநாள் அழைப்பதற்கும் இடையே 12 மணி நேர இடைவெளி வேண்டும். பள்ளி விடுமுறையில் வேலை நேரம் கூடும். நடு வயதுப் பிரிவில் அது 7 மணி வரை போகும்.

இந்தக் கணக்கை ஒரு நாளின் மேல் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். 2015-இல் ஸ்காய்க்கு 13 வயது, பெய்டனுக்கு 17. இருவரும் பள்ளி நாளில் காலை 9 மணிக்கு வந்தால், சாப்பாட்டு நேரம் சேர்த்து, ஸ்காய் மாலை 6.30-க்குக் கிளம்பியாக வேண்டும், பெய்டன் 7.30 வரை இருக்கலாம். ஸ்காயின் 9 மணியில் கேமரா முன்னும் ஒத்திகையிலும் நிற்கக்கூடியது 5 மணி மட்டுமே. ஒப்பனை, உடை மாற்றும் நேரமும் அந்த ஐந்தில்தான் சேரும். ஆகவே ஸூரி வரும் காட்சிகளை முதலில் முடித்துவிட்டு, எம்மாவும் பெரியவர்களும் மட்டும் வரும் காட்சிகளைக் கடைசிக்கு வைப்பதுதான் சரியான திட்டம். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று தனித்தனிக் கதைகள் ஓடுவதற்கும் இது ஒரு காரணம்: ஒரு குழு வகுப்பில் இருக்கும்போது இன்னொரு குழு நடித்துக்கொண்டிருக்கும்.

18 நிரம்பியவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 16 வயதிலேயே பள்ளி இறுதித் தகுதித் தேர்வை எழுதித் தேறிவிட்டால் பெரியவர்களுக்குரிய நேரம் வேலை செய்யலாம். பதினாறு வயதுப் பாத்திரத்துக்கு இருபது வயதுக்காரரைத் தேடுவதன் ரகசியமும் இதுதான்.

தளத்தில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது?

ஸ்டூடியோ ஆசிரியர் என்று உரிமம் பெற்றவர் இருப்பார். பள்ளி நாட்களில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், விடுமுறை நாட்களில் 20 பிள்ளைகளுக்கு ஒருவர். பாடம் நடத்துவது பாதி வேலைதான். பிள்ளையின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கச் சூழல் அனைத்துக்கும் அவரே பொறுப்பு. ஆபத்து என்று பட்டால், இயக்குநர் என்ன சொன்னாலும், பிள்ளையைத் தளத்திலிருந்து அழைத்துப்போக அவருக்கு அதிகாரம் உண்டு.

படிப்பைத் துண்டுதுண்டாகக் கொடுக்கலாம், ஆனால் 20 நிமிடத்துக்குக் குறைந்த துண்டு கணக்கில் வராது. இங்கேதான் தவறு நேர்கிறது. 'விளக்கு மாற்றுகிறோம், ஒரு கால் மணி படி' என்று அனுப்பிவிட்டு 15 நிமிடத்தில் திரும்ப அழைத்தால் அந்தக் கால் மணி வீண். நாள் முடிவில் மூன்று மணி நிரம்பாமல் நிற்கும்.

ஒரு பகுதி தயாராக எத்தனை நாள்?

இப்படிப் பல கேமராவில் எடுக்கும் சிட்காமுக்குப் பொதுவாக ஐந்து வேலை நாள். முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை வாசிப்பார்கள். அடுத்து ஒத்திகை, தயாரிப்பாளர்கள் முன் ஓட்டம் (முழுவதையும் ஒருமுறை நடித்துக்காட்டுவது), சேனல்காரர்கள் முன் ஓட்டம், கடைசியில் கேமரா. ஒளிபரப்பாகும் நீளம் சுமார் 22 நிமிடம்.

சிறுவர்களுக்குக் கடினமானது மனப்பாடம் இல்லை, மறப்பதுதான். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் வசனம் மாறும். மாறிய பக்கங்கள் நிறத்தாளில் வரும்: முதலில் வெள்ளை, பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. வெள்ளைத் தாளில் ஒரு நகைச்சுவையைப் பாடம் பண்ணிய குழந்தை, இளஞ்சிவப்புத் தாளில் அது வேறாகியிருப்பதைக் காலையில் பார்த்து, பகலில் நடிக்க வேண்டும். பழைய பக்கத்தை உடனே எடுத்துவிடுவதுதான் வழி. கையில் இரண்டு நிறம் சேர்ந்திருந்தால் நாக்கு பழையதையே சொல்லும்.

சம்பளம் பெற்றோருக்கா, பிள்ளைக்கா?

பிள்ளைக்கு. 1921-இல் சாப்ளினுடன் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் வளர்ந்த பிறகு பார்த்தால், சம்பாதித்த பெரும் பணத்தில் பெரும்பகுதி தாயும் வளர்ப்புத் தந்தையும் செலவழித்து முடிந்திருந்தது. அவர் 1938-இல் வழக்குப் போட்டார். 1939-இல் கலிஃபோர்னியாவில் கூகன் சட்டம் வந்தது. 2000 முதல் நடப்பிலுள்ள திருத்தப்படி, மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தயாரிப்பு நிறுவனமே நேராகப் பிள்ளையின் முடக்கக் கணக்கில் போட வேண்டும். 18 வயது வரை யாரும் தொட முடியாது.

வாரத்துக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 1,500 டாலர் முதலில் அங்கே போகும். முகவர் கமிஷனும் வரியும் கழித்த பின் மிஞ்சுவதில் 15 சதவீதம் என்று கணக்குப் போடுவது பெற்றோர் வழக்கமாகச் செய்யும் பிழை. சாதாரண மைனர் சேமிப்புக் கணக்கும் இதற்குச் செல்லாது. கூகன் கணக்கு என்றே கேட்டுத் திறக்க வேண்டும்.

வேலை அனுமதி எப்படிக் கிடைக்கும்?

மாநிலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தரும். ஆறு மாதம் செல்லும். வருகை, படிப்பு, உடல்நலம் திருப்தி என்று பள்ளி கையெழுத்திட வேண்டும். மதிப்பெண் சரிந்தால் அனுமதி நிற்கும். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு 10 நாள் தற்காலிக அனுமதியும் உண்டு, கட்டணம் 50 டாலர்.

இந்தியாவில் இதற்கு ஈடான விதி உண்டா?

2017-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகளில் உண்டு. நாளுக்கு 5 மணிக்கு மேல் கூடாது. இடைவேளை இல்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வைப்புத்தொகை. மாவட்ட ஆட்சியரின் (டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்திரேட்) அனுமதி தேவை. சதவீதத்தில் நம் விதி கலிஃபோர்னியாவைவிடக் கடுமையானது. நம் ஊரில் பிள்ளையை நடிக்க அனுப்பும் பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வைப்புத்தொகை பற்றிய வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

எந்த வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம்?

ஆறு, ஏழு வயதிலிருந்து பார்க்கலாம். முதல் சீசனில் கிக்கிவாக்கா என்ற காட்டு மிருகத்தைப் பற்றிய பயமுறுத்தல் வரும். இருட்டுக்குப் பயப்படும் குழந்தையோடு கூட உட்காருங்கள். கேலி வசனம் நிறைய உண்டு. 'ஜெஸ்ஸி'யில் 2013-இல் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சிறுவனைக் கேலி செய்த ஒரு பகுதியைப் பெற்றோர் எதிர்ப்பால் டிஸ்னி ஒளிபரப்பாமல் நிறுத்தியது. எதிர்த்தது நியாயம், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசை ஏற்கெனவே சிரமமான இடம்.

இப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்?

பெய்டன் லிஸ்ட் 'கோப்ரா கை'யில் டோரியாக நடித்தார். 2023 முதல் 'ஸ்கூல் ஸ்பிரிட்ஸ்' தொடரின் நாயகி. ஸாண்டராக வந்த கெவின் க்வின் 2021-இல் 'எ வீக் அவே' என்ற இசைப் படத்தில் நடித்தார். அதுவும் ஒரு கோடை முகாம் கதையே. ஸ்காய் ஜாக்சன் 2019-இல் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு 17 வயது, அதில் பாதிக்கு மேல் கேமரா முன் கழிந்திருந்தது.